பாராபாசாரஸ் தாகூரி

இந்தத் தொடை எலும்பின் பக்கத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். ஏறத்தாழ 1.7 மீட்டர், நம்மில் பலரின் உயரம். அதை வளைவில்லாத தூண்போல் ஊன்றித்தான் இந்த நீள்கழுத்துத் தாவர உண்ணி டைனோசர் நடந்தது.

ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், இன்றைக்குச் சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், கோதாவரிப் படுகையில் இவை வாழ்ந்தன. இன்றைய தெலங்கானாவில், போச்சம்பள்ளி கிராமத்தருகே, 1960-களின் தொடக்கத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் புவியியலாளர்கள் அகழ்ந்தபோது சுமார் 300 எலும்புகள் வெளிவந்தன. கரியாகிப்போன பெரிய அடிமரங்களும் அவற்றோடு கலந்து கிடந்தன. குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள் அவை. அவற்றைப் பிரித்தறிந்த பொறுமை, தோண்டிய உழைப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல.

1975-இல் ஜெயின், குட்டி, ராய் சௌத்ரி, சாட்டர்ஜி ஆகியோர் இதைப் புதிய பேரினமாக அறிவித்தார்கள். அகழ்வு நடந்த 1961, ரவீந்திரநாத் தாகூரின் பிறந்த நூற்றாண்டு. அவர் நினைவாக இனப்பெயர் அமைந்தது.

வகைப்படுத்துவது எளிதாக இல்லை. தூண் போன்ற கால்களும் கரண்டி வடிவப் பற்களும் இதைச் சாரோபாட் எனும் நீள்கழுத்து டைனோசர்க் குழுவில் சேர்க்கின்றன. ஆனால் முதுகெலும்பைக் கவனியுங்கள்: பிற்காலச் சாரோபாட்களின் முள்ளெலும்புப் பக்கங்களில் காணும் ஆழமான குழிகள் இதில் இல்லை. அதனால்தான் அந்தக் குலமரத்தின் அடிப்பகுதியில் இதற்கு இடம். மண்டையோடு கிடைக்கவில்லை, தாடையிலிருந்து உதிர்ந்த சில பற்களே தலையைப் பற்றி நமக்குள்ள சான்று.