சீனியை அளக்கும் வகுப்பு

நீரிழிவு நம்மவர் இல்லங்களில் அழையா விருந்தாளியாகக் குடியேறியுள்ளது. தென்னாசிய வம்சாவளியினரை அது ஐரோப்பியரினும் இளவயதிலேயே, உடல் பெரிதும் பருக்காத நிலையிலேயே பற்றுகின்றது. ஆகவே வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளில் போசாக்குக் கல்விக்கும் ஒரு மணிநேரம் ஒதுக்கப்பட வேண்டும் என்கின்றோம்.

முதலில் வகுப்பறைப் பயிற்சி. வழமையான கோலாப் பானத்தின் 330 மில்லிலீற்றர் பேணியில் ஏறத்தாழ 35 கிராம் சீனி உண்டு. மாணவரே அதைத் தேக்கரண்டியால் கண்ணாடிக் குவளையில் அள்ளிப் போடட்டும்; ஒன்பது கரண்டி ஆகும். சேர்க்கப்படும் சீனி வளர்ந்தோருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்கும், இயன்றால் 25 கிராமுக்கும் குறைவாக இருத்தல் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல். சிறுவருக்கு அளவு இதனினும் குறைவு.

அடுத்தது களப்பயிற்சி. கடையில் பழரசம், பிஸ்கற் முதலியவற்றின் சீனியளவைப் பிள்ளைகள் குறித்து வரட்டும். பின்னர் வீட்டார் முன்தினம் உண்டதையும் பருகியதையும், தந்தையின் தேநீர்ச் சீனி உட்பட, கேட்டெழுதட்டும். பெயர் குறிப்பிடாது வகுப்பின் மொத்தக் கணக்கை மட்டும் ஆசிரியர் காட்டுதல் தகும், எவரும் நாணமுறலாகாது.

அந்நிய மொழிச் சுட்டியைப் பிள்ளை வாசிக்கும். சமையலறைக் கணக்கைத் தாய் அறிவார். இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் இப்பாடத்தை நம் பாடசாலைகள் இத்தவணையிலேயே தொடங்குமா?