மானம் காத்த சடுகுடு

1990 அக்டோபரில் பீஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்து திரும்பிய இந்திய அணியிடம் 23 பதக்கங்கள் இருந்தன. 8 வெள்ளி, 14 வெண்கலம், ஒரே ஒரு தங்கம். சீனா அள்ளிய தங்கங்கள் 183. பாகிஸ்தானுக்குக்கூட 4 கிடைத்தன. 84 கோடி பேர் கொண்ட நாடு பட்டியலில் 11-வது இடத்தில் நின்றது.

அந்த ஒற்றைத் தங்கத்தைக் கொண்டுவந்தது தடகளமோ ஹாக்கியோ மல்யுத்தமோ அல்ல, கபடி. தமிழகத்தில் சடுகுடு, மகாராஷ்டிரத்தில் ஹுதூதூ, வங்கத்தில் ஹாடுடு என்று ஊருக்கு ஒரு பெயரோடு வயற்காட்டிலும் ஆற்று மணலிலும் ஆடப்பட்டு வந்த விளையாட்டு. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காலணிகூட வேண்டாம். ஏழு பேரும் கொஞ்சம் மூச்சும் போதும். அரசு பெரிதாகச் செலவழிக்காத விளையாட்டு, அரசின் மானத்தைக் காப்பாற்றியது.

சரிவு திடீரென்று வந்ததல்ல. 1982-ல் டெல்லியில், சொந்த மண்ணில், 13 தங்கம் உட்பட 57 பதக்கங்கள். நான்கே ஆண்டில் சியோலில் அது 37 ஆயிற்று. தங்கம் ஐந்து. அதில் நான்கு பி.டி.உஷாவின் கால்கள் ஓடிச் சம்பாதித்தவை (ஒன்று தொடர் ஓட்டம்). மீதி ஒன்று மல்யுத்த வீரர் கர்தார் சிங்குக்கு. அதாவது அப்போதே இந்தியத் தடகளம் என்பது ஒரு பெண்ணின் உடல்நலத்தைப் பொறுத்த விஷயமாகிவிட்டிருந்தது. பீஜிங்கில் உஷாவுக்கு மூன்றும் வெள்ளியாகவே அமைந்தன. ஹாக்கியிலும் பாகிஸ்தானுக்கு அடுத்த இடம்தான். கபடி மட்டும் இல்லாதிருந்தால், 1951-ல் ஆசியப் போட்டி தொடங்கியதிலிருந்து முதன்முறையாக இந்தியா தங்கமே இல்லாமல் திரும்பியிருக்கும்.

கபடி பீஜிங்குக்குப் போனதே ஒரு கதை. 1982 டெல்லியில் அது வெறும் காட்சி விளையாட்டு. பதக்கப் பட்டியலில் சேர எட்டு ஆண்டுகள் ஆயின. சேர்ந்த முதல் ஆண்டே வங்கதேசத்துக்கு வெள்ளி, பாகிஸ்தானுக்கு வெண்கலம். மொத்தத்தில் துணைக்கண்டத்துப் பங்காளிகளின் போட்டி. சீனாவும் ஜப்பானும் அணி அனுப்பியிருந்தாலும் அவர்கள் அப்போதுதான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் ஹிரோஷிமா, பாங்காக், புசான், தோஹா, குவாங்சோ, இஞ்சியோன் என்று எங்கே போனாலும் ஆண்கள் கபடித் தங்கம் இந்தியாவுக்குத்தான். புறப்படுவதற்கு முன்பே அதிகாரிகள் அதைக் கணக்கில் எழுதிவிடலாம் என்ற நிலை. எழுதவும் செய்தார்கள். 2014-ல் இஞ்சியோன் இறுதி ஆட்டத்தில் ஈரானை 27-25 என்று, அதாவது இரண்டே புள்ளியில்தான், வென்றார்கள் என்பது யாருடைய தூக்கத்தையும் கெடுத்ததாகத் தெரியவில்லை. சம்மேளனத்தின் கவலைகள் வேறு. பல்லாண்டு தலைவராக இருந்த ஜனார்தன் சிங் கெலாட்டுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் அவருடைய மனைவி. அவர் தலைவரானதும் கெலாட் வாழ்நாள் தலைவரானதும் செல்லாது என்று 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே மாதம் ஜகார்த்தாவில் அடி விழுந்தது. அரையிறுதியில் ஈரான் ஆண்கள் 27-18 என்று இந்தியாவைச் சாய்த்தார்கள். 28 ஆண்டுகளாகக் கைவிட்டுப் போகாத தங்கம் போயிற்று, வெண்கலம் மிஞ்சியது. மறுநாள் பெண்கள் இறுதி ஆட்டம். 2010-லும் 2014-லும் வென்ற இந்தியப் பெண்கள் 24-27 என்று தோற்றார்கள், அதே ஈரானிடம்.

அந்த ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சியளித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். பல ஆண்டுகள் இந்தியாவில் கபடி சொல்லிக்கொடுத்த அனுபவசாலி. ஈரான் அழைத்ததும் போனார், கொஞ்சம் பாரசீகம் கற்றார், அந்தப் பெண்களுக்கு யோகாவும் சொல்லிக்கொடுத்தார். ஆண்கள் அணியில் ஆடிய ஃபஸல் அத்ராச்சலியோ, 2014-ல் தொடங்கிய புரோ கபடி லீகில் இந்திய வீரர்களோடு ஆடித் தேர்ந்தவர். 2018 ஏலத்தில் மும்பை அணி அவரை 1 கோடி ரூபாய்க்கு எடுத்திருந்தது. எதிராளியின் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியாமலிருந்தால்தான் ஆச்சரியம். வித்தையையும் கொடுத்து, கூலியையும் கொடுத்து, தங்கத்தையும் கொடுத்தாயிற்று என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் ஓர் ஆட்டம் உண்மையில் பரவுவது இப்படித்தான். பங்காளிகளுக்குள் மட்டும் பகிர்ந்துகொள்ளும் தங்கத்துக்கு எத்தனை நாள் மதிப்பிருக்கும்?

2023 அக்டோபரில் ஹாங்சோவில் இரண்டு தங்கங்களும் திரும்பி வந்தன. தைவானை 26-25 என்று ஒரே புள்ளியில் பெண்கள் வென்றபோது, அது அந்தப் போட்டியில் இந்தியாவின் நூறாவது பதக்கம். சில மணி நேரத்தில் ஆண்கள் இறுதி ஆட்டம். மீண்டும் ஈரான். கடைசி நிமிடங்களில் ஒரு பாட்டுக்கு யாருக்கு எத்தனை புள்ளி என்ற தகராறில் வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட, ஆட்டம் நெடுநேரம் நின்றது. நடுவர்கள் ஒரு முடிவு சொல்வதும் மாற்றுவதுமாக இழுபறி. ஒருவழியாக ஆட்டம் தொடர்ந்து முடிந்தபோது பலகையில் இந்தியா 33, ஈரான் 29.