95 வருஷம் பேரே இல்லாத சூனியக்காரி

'விக்கெட்' படம் (ஸ்டம்ப் விக்கெட் இல்லைங்க, ஓஸ் கதை) பார்த்துட்டு வந்த நண்பர் ஒருத்தர் என்கிட்ட கேட்டார்: "எல்ஃபாபான்னு ஒரு பேரா? எந்த ஊர்ப் பேருங்க அது?" பதில் ஒரே வரிதான். ஆனா அதுக்கு முன்னாடி 95 வருஷக் கதை இருக்கு. கடைசிப் பகுதியில படத்தோட முடிவும் வரும், பார்க்காதவங்க உஷார்.

1900-ல எல். ஃப்ராங்க் பாம் எழுதின ஓஸ் நாவல்ல அவளுக்குப் பேரே கிடையாது. 'மேற்குத் திசையின் பொல்லாத சூனியக்காரி', அவ்வளவுதான். நாலு திசைக்கு நாலு பேர் இருக்காங்க. அதுல தெற்கே இருக்கிற நல்லவளுக்கு மட்டும் கிளிண்டான்னு பேர். டோரத்தியோட நாய்க்குக்கூட டோட்டோன்னு பேர் இருக்கு. இவளுக்குத் திசையும் குணமும் மட்டும்தான். நாங்க ஆபீஸ்ல சர்வருக்குப் பேர் வைக்கிற மாதிரி: எந்தப் பக்கம் இருக்கு, என்ன வேலை பார்க்குது. சர்வரை நிறுத்தினா யாரும் அழுறதில்லையே, இவ செத்தப்பவும் அப்படித்தான்.

இன்னொரு ஆச்சரியம், அந்தப் புத்தகத்துல அவ பச்சையா இல்ல. அவளுக்கு ஒரே ஒரு கண்தான், அது டெலஸ்கோப் மாதிரி தூரத்துல இருக்கிறதைப் பார்க்கும். கையில குடை. துடைப்பத்துல பறக்கிறதெல்லாம் கிடையாது. ஓநாய், காக்கா, தேனீன்னு வரிசையா ஏவி விடுறா, ஒரு மக்கள் கூட்டத்தையே அடிமையா வெச்சிருக்கா. அப்பாவின்னு சொல்லவே முடியாது. ஆனா பாம் போற போக்குல ஒரு விஷயம் சொல்றார்: இவளுக்கு இருட்டுன்னா பயம். அதனால ராத்திரி டோரத்தியோட அறைக்குள்ள போய் வெள்ளிக் காலணியைத் திருட முடியல. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

நமக்குத் தெரிஞ்ச அந்தப் பச்சை முகம் 1939-ல எம்.ஜி.எம். எடுத்த படத்துல வந்தது. டெக்னிகலர் காலம், கலர் பளிச்சுன்னு தெரியணும். அதனால வெள்ளிக் காலணி சிவப்பாச்சு, சூனியக்காரி பச்சையானா. முதல்ல கேல் சாண்டர்கார்டை வெச்சு அழகான, பகட்டான ஒரு சூனியக்காரியாத்தான் யோசிச்சாங்க. அப்புறம் அவலட்சணமா மாத்தினதும் அவங்க விலகிட்டாங்க. வந்தவங்க மார்கரெட் ஹாமில்டன், முன்னாடி மழலையர் பள்ளி டீச்சர்.

அந்தப் பச்சைப் பெயின்ட்ல செம்பு கலந்திருந்தது. 1938 டிசம்பர்ல ஒரு காட்சி: புகையும் நெருப்பும் கிளம்ப, தரையில இருக்கிற ரகசியக் கதவு வழியா அவங்க மறையணும். அவங்க முழுசா கீழ இறங்குறதுக்கு முன்னாடியே நெருப்பு வந்துடுச்சு. முகத்துலயும் கையிலயும் தீக்காயம். செம்பு உள்ள போயிடக் கூடாதுன்னு, வெந்த தோல் மேலேயே ஆல்கஹால் போட்டுத் துடைச்சிருக்காங்க. ஏறக்குறைய ஆறு வாரம் கழிச்சுத் திரும்பி வந்தவங்க, இனி நெருப்புக் காட்சியே வேண்டாம்னுட்டாங்க.

அதே படத்துல கான்சாஸ்ல வர்ற சிடுசிடு பொம்பளையும் ஹாமில்டன்தான். அவளுக்கு அல்மைரா கல்ச்னு பேர் இருக்கு! ஓஸுக்கு வந்ததும் பேர் போயிடுது. அதே 1939-ல ரஷ்ய மொழியில அலெக்சாண்டர் வோல்கோவ் இந்தக் கதையைத் திருப்பி எழுதினப்போ அவளுக்குப் பாஸ்டிண்டான்னு பேர் வெச்சார். ஆனா பாம் கதையிலயும் எம்.ஜி.எம். படத்துலயும் அந்த நாற்காலி காலியாவேதான் இருந்தது.

ஹாமில்டனுக்குத்தான் சங்கடம். குழந்தைங்க அவங்களைப் பார்த்தாலே பயந்தாங்க. 1975-ல அமெரிக்காவுல மிஸ்டர் ரோஜர்ஸ் நடத்தின குழந்தைகள் டிவி நிகழ்ச்சிக்குப் போய், அந்தக் கறுப்பு உடையை ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக் காட்டி, "இது வெறும் வேஷம்தான்"னு புரிய வெச்சாங்க. படம் வந்து 36 வருஷம் கழிச்சு!

இப்போ நண்பரோட கேள்வி. 1995-ல கிரெகரி மகுவையர் 'விக்கெட்' நாவல் எழுதினார். மூல ஆசிரியர் பேரோட முதல் எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்க: எல், எஃப், பி. எல்-ஃபா-பா. அவளைப் பேரில்லாம விட்டவரோட பேர்லேருந்தே அவளுக்குப் பேர்.

வளைகுடாப் போர் சமயத்துல லண்டன்ல இருந்த மகுவையர், பத்திரிகைகள் சதாமை ஹிட்லரோட ஒப்பிட்டதைப் பார்த்ததும், ஒரு வார்த்தை தன் மனசையே மாத்துதேன்னு யோசிச்சதா பேட்டிகள்ல சொல்லியிருக்கார். 'பொல்லாதவள்'னு முதல்ல பட்டம் கொடுத்துட்டா, அப்புறம் ஆதாரத்தை யார் பார்க்கப் போறாங்க?

இதை அந்த ஒரு வாளித் தண்ணியிலேயே பார்க்கலாம். பாம் கதையில, காலணியில ஒண்ணைத் தந்திரமா பிடுங்கிட்டாளேன்னு கோபத்துல டோரத்தி தண்ணியை ஊத்துறா. 1939 படத்துல, தீப்பிடிச்ச சோளக்கொல்லை பொம்மையைக் காப்பாத்த ஊத்தினது இவ மேல படுது. மகுவையர் நாவல்ல தீப்பிடிச்சது எல்ஃபாபாவோட பாவாடை. டோரத்தி ஊத்துறது அவளைக் காப்பாத்துறதுக்கு! வாளி ஒண்ணுதான், சாவும் ஒண்ணுதான். ஆனா பேர் இருக்கிற ஒருத்தி அப்படிச் சாகும்போது நமக்கு வலிக்குது.

2003-ல வந்த பிராட்வே இசை நாடகமும், அதை வெச்சு 2024, 2025-ல வந்த ரெண்டு படங்களும் அவளைச் சாகவே விடல. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். நாவல்ல அவ சந்தேகம் பிடிச்சு, கொலை பண்ணக்கூடக் கிளம்புறவ. மேடையில ரொம்ப நல்லவளாயிட்டா. ஆனா அங்க அவ தப்பிக்கிற வழி எது தெரியுமா? கரைஞ்ச மாதிரி நடிச்சுட்டு, தரையில இருக்கிற ரகசியக் கதவு வழியா. ஹாமில்டனுக்குத் தீக்காயம் பட்டது அப்படி ஒரு கதவுலதான்.