பேத்தியை வளர்க்கும் தாத்தா பென்ஷனை எப்போது வாங்கலாம்?

வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த என் சித்தப்பாவுக்கு 57 வயசு. மகனும் மருமகளும் விபத்தில் போய்விட, 6 வயதுப் பேத்தியைப் பார்த்துக்க வேலையை விட்டுட்டார். "ஏம்ப்பா, பென்ஷனுக்கு இப்பவே எழுதிக் கொடுக்கவா, 58 வரைக்கும் பொறுக்கவா?" என்று கேட்டார். பொறுங்க, பிடிச்சுக்குவாங்க என்பதுதான் எல்லாரும் சொன்னது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1995 பிஎஃப் பென்ஷன் திட்டத்தில் கடைசி 60 மாத சராசரிச் சம்பளத்தை (உச்சவரம்பு ரூ.15,000) சர்வீஸால் பெருக்கி 70ஆல் வகுக்கணும். 14 வருஷ சர்வீஸுக்கு ரூ.3,000. ஒரு வருஷம் முந்தினால் 4% குறைந்து ரூ.2,880.

அதாவது மாதம் ரூ.120 நஷ்டம். ஆனால் அந்த ஒரு வருஷத்தில் கைக்கு வருவது ரூ.34,560. இதை அந்த 120 தின்று தீர்க்க 24 வருஷம் ஆகும். அப்போது சித்தப்பாவுக்கு 82. பேத்திக்குப் பள்ளிச் செலவு இன்றைக்கு. இப்பவே வாங்குங்க என்றேன்.

இன்னொன்று. இந்தத் திட்டத்தில் பேரப்பிள்ளைக்குப் பங்கில்லை. சித்தப்பாவுக்குப் பின் சித்திக்குப் பாதி வரும், அதோடு சரி. ஆனால் இறந்த மகனுக்கு பிஎஃப் இருந்ததா என்று யாருமே கேட்கவில்லை! இருந்தது. பணியில் இருக்கும்போது இறந்தால் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கு 25 வயது வரை மாதம் ரூ.750க்குக் குறையாமல் பென்ஷன் உண்டு. படிவம் 10டி, காப்பாளராகத் தாத்தா.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருந்தால், முதலில் பிள்ளையின் அப்பா, அம்மா பிஎஃப் நம்பரைத் தேடச் சொல்லுங்க.