மடிக்கணினி தொடங்க மறுக்கும்போது

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி வாரம், ஜி.எஸ்.டி. படிவம் அனுப்ப வேண்டிய 20-ஆம் நாள், மகளின் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணத்தைச் செலுத்த வேண்டிய இறுதி மாலை. மடிக்கணினி நின்றுபோவது பெரும்பாலும் இத்தகைய நாள்களில்தான் நம் கவனத்துக்கு வருகிறது. மற்ற நாள்களில் அது மெதுவாகத் தொடங்கினாலும், அதன் விசிறி இரைந்தாலும் நாம் பொருட்படுத்துவதில்லை.

வங்கி இதழொன்றில் கணினிப் பழுதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. தொடங்க மறுக்கும் மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய சிறு கோளாறுதான். ஆனால் பதற்றத்தில் தேடிப் பிடிக்கும் தொலைபேசி எண்ணும், முகமறியாத ஒருவர் சொன்னபடி நிறுவும் செயலியும், கடவுச்சொல்லோடு சேர்த்துக் கடையில் ஒப்படைக்கும் கணினியும் சேமிப்புக் கணக்கையே காலி செய்துவிடக்கூடும். ஆகவே, பழுதை இனங்காண்பதையும் உதவி கேட்கும் முறையையும் சேர்த்தே இங்கு விளக்குகிறோம்.

எந்தப் படியில் நிற்கிறது?

பவர் பொத்தானை அழுத்தியதும் மூன்று படிகளில் வேலை நடக்கிறது. முதலில், சார்ஜரிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ மின்சாரம் மதர்போர்டை அடைகிறது. அடுத்து, மதர்போர்டிலேயே பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு மென்பொருள் விழித்து, நினைவகமும் திரையும் விசைப்பலகையும் ஒழுங்காக உள்ளனவா என்று சோதிக்கிறது. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றுவது இந்தப் படியில்தான். மூன்றாவதாக, ஹார்டு டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோ உள்ள விண்டோஸ் போன்ற இயங்குதளத்தைத் தேடியெடுத்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

விளக்கே எரியவில்லை என்றால் கோளாறு முதல் படியில் இருக்கிறது. விளக்கு எரிந்தும் திரை கறுத்தே இருந்தால் இரண்டாம் படியில். சின்னம் தோன்றிய பிறகு நின்றுவிட்டால் மூன்றாம் படியில். பழுது நீக்குபவரிடம் "ஓடவில்லை" என்று மட்டும் சொல்வதைவிட, எந்தப் படியில் நிற்கிறது என்று சொன்னால் அவர் கூறும் செலவு மதிப்பீடும் நம்பத்தக்கதாக இருக்கும்.

முதல் படியில் செய்யத்தக்கது எளிது. சார்ஜரையும் இணைத்துள்ள பிற சாதனங்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மதர்போர்டில் எஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடிந்து, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப் புதிதாகத் தொடங்க இது வழிசெய்கிறது. பின்னர் சார்ஜரை மட்டும் இணைத்து அரை மணி நேரம் விட்டுவைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். செத்துவிட்டதாகக் கருதப்பட்ட கணினிகள் பல இந்த ஒரு செய்கையாலேயே மீண்டுவிடுகின்றன.

மீளாவிட்டால் சார்ஜரைக் கவனிக்க வேண்டும். அதன் அடிப்புறத்தில் அச்சிட்டுள்ள எண்களைப் படிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. வெளியீடு 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்க ஏறத்தாழ 65 வாட் வருகிறது. மாற்றுச் சார்ஜர் வாங்குவோர் வோல்ட் அளவு சரியாகப் பொருந்துவதையும், ஆம்பியர் அளவு குறையாமல் இருப்பதையும் பார்த்து வாங்க வேண்டும். டைப்-சி துளை உள்ள கணினியில் கைப்பேசிச் சார்ஜரைச் செருகினால் முனை பொருந்திவிடும். ஆனால் 20 வாட் தரும் சார்ஜரால் 65 வாட் கேட்கும் கணினியைத் தாங்க இயலாது. கணினியின் உலோகப் பகுதியைத் தொடும்போது மெல்லிய சுரீர் உணர்வு ஏற்பட்டால், மூன்று முனைப் பிளக்கின் எர்த் இணைப்பு வேலை செய்யவில்லை என்று ஐயுற வேண்டும். அங்கே அழைக்க வேண்டியவர் கணினிக் கடைக்காரர் அல்லர், எலக்ட்ரீஷியன்.

இரண்டாம் படியில் நிற்கும் கணினிக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய, கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்க்கலாம். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி இயங்குகிறது; பழுது பெரும்பாலும் திரையில்தான். அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் டார்ச் ஒளியைத் திரைமீது சாய்வாகப் பாய்ச்சினால் மங்கலான உருவம் தெரிகிறதா? தெரிந்தால் திரையின் பின்னொளி மட்டுமே கெட்டிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து அன்றைய வேலையை முடித்துக்கொள்ளலாம்.

கேப்ஸ் லாக் விளக்கோ பேட்டரி விளக்கோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் மினுக்கி நின்று, மீண்டும் மினுக்கினால், அது கணினி நமக்குச் சொல்லும் செய்தி. எச்.பி. கணினிகளில் முன்னதும், டெல் கணினிகளில் பின்னதும் வழக்கம். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணிக்கைக்கு உரிய பொருள் கிடைக்கும். மினுக்கத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்தால், நினைவகமா மதர்போர்டா என்ற வாதத்துக்கே இடமிராது.

சின்னம் தோன்றி நின்றால்

மூன்றாம் படியின் கோளாறுகளுக்குச் சற்று நிதானம் தேவை. பணம் கொடுத்து மீட்க முடியாதவை, அதாவது நம் கோப்புகள், இந்தப் படியில்தான் இருக்கின்றன. இயங்குதளம் கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், முதலில் பென் டிரைவ் ஏதேனும் செருகியபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினி விண்டோஸை அதில் தேடிக்கொண்டிருக்கக்கூடும். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று ஒலி எழுந்தால் மறுபடியும் தொடங்கிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முயற்சியும் உள்ளே சுழலும் தட்டைக் கூடுதலாகச் சிதைக்கக்கூடும்.

சின்னமும் தோன்றி, நீலத்திரையும் வந்து, கணினி மீண்டும் மீண்டும் தானே தொடங்கிக்கொண்டிருந்தால் அது வன்பொருள் பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2024 ஜூலை 19 அன்று நடந்ததை நினைவுகூரலாம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான ஒரு கோப்பினால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. அந்தக் கணினிகளின் பாகங்களில் பழுதேதும் இல்லை. சேஃப் மோட் என்னும் குறைந்தபட்ச இயக்கத்தில் அவற்றைத் தொடங்கி, குறிப்பிட்ட அந்தக் கோப்பை நீக்கியதும் அவை பழையபடி இயங்கின.

நம் வீட்டுக் கணினிக்கும் இது பொருந்தும். தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறினால், விண்டோஸ் தானாகவே பழுதுபார்ப்புத் திரையைக் காட்டும். அங்கே சேஃப் மோடில் நுழையவும், கடைசியாக நிறுவப்பட்ட அப்டேட்டை நீக்கவும் வழி உண்டு. அதே இடத்தில், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பும் இருக்கிறது. கோப்புகளின் நகல் வேறோரிடத்தில் இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போகலாகாது.

2024-ஆம் ஆண்டு முடக்கத்தின்போது பலரையும் திணறடித்தது வேறொன்று. சேஃப் மோடுக்குள் நுழையுமுன், 48 இலக்கங்கள் கொண்ட பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கணினி கேட்டது. விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியே முதன்முறை நுழையும்போதே வட்டிலுள்ள தகவல்கள் மறையாக்கம் செய்யப்படுகின்றன. திருடர் கையில் கணினி சிக்கினாலும் கோப்புகள் சிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு இது; நல்ல ஏற்பாடுதான். ஆயினும், மதர்போர்டை மாற்றிய பின்னரோ, சில வேளைகளில் பயாஸ் அப்டேட்டுக்குப் பின்னரோ கணினி அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் உரிமையாளருக்கும் கதவு திறவாது. கணினி நன்றாக இயங்கும் இன்றே, வேறொரு சாதனத்திலிருந்து தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தேடியெடுத்து, தாளில் அச்சிட்டு, வைப்புநிதி ரசீதுகள் இருக்கும் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதே மடிக்கணினிக்குள் சேமித்து வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

கடிகாரம் தவறினால் வங்கித்தளமும் திறவாது

கணினி எப்படியோ தொடங்கிவிடுகிறது. ஆனால் இணையவழி வங்கிச் சேவையைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதன்று என்ற எச்சரிக்கை வருகிறது. வங்கியின் இணையதளம் பழுதடைந்துவிட்டதாகக் கருதுவது இயல்பே. உடனே திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். அது பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கக்கூடும்.

கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது, பல மாதிரிகளில் மதர்போர்டில் உள்ள நாணய வடிவச் சிறு பேட்டரி. சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வகை பரவலானது. அது தீர்ந்ததும் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடுகிறது. இதற்கும் வங்கித்தளத்துக்கும் என்ன தொடர்பு? ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் ஒரு மின்னணுச் சான்றிதழ் உண்டு. அது இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்ற வரையறையும் அதில் உண்டு. கணினியின் தேதி அந்த வரையறைக்கு வெளியே இருந்தால், பிரவுசர் சான்றிதழை ஏற்க மறுக்கிறது. தேதியைத் திருத்தினால் எச்சரிக்கை மறைந்துவிடும். அந்தச் சிறு பேட்டரியை மாற்றினால் கடிகாரம் மீண்டும் பின்னோக்கிப் போகாது. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை தொடருமானால், அதைக் கடந்து உள்ளே செல்ல வேண்டாம். போலித் தளத்தையும், நம்பகமற்ற வைஃபை இணைப்பையும் காட்டிக்கொடுப்பதும் இதே எச்சரிக்கைதான்.

பேட்டரி என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று: மூடி சரியாகப் பொருந்தாமலோ, டச்பேட் மேலெழும்பியோ இருந்தால் உள்ளிருக்கும் பெரிய லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் ஏற்றுவதை அக்கணமே நிறுத்த வேண்டும். குத்துவதோ அழுத்தி மூட முயல்வதோ தீயில் முடியலாம். குப்பைத் தொட்டியிலும் போடலாகாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்றுக் கையாளும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன.

உதவி கேட்கும் முறை

தேடுபொறியில் கணினி நிறுவனத்தின் பெயரோடு சேவை எண் என்று தட்டினால், முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம்; போலி எண்ணாகவும் இருக்கலாம். சரியான எண் கணினி வாங்கிய ரசீதிலும், உத்தரவாத அட்டையிலும், நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலும் இருக்கிறது. கணினி வைரஸால் பூட்டப்பட்டுவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள் என்று திரை முழுவதும் பரவி அலறும் அறிவிப்பு ஒரு பிரவுசர் பக்கமேயன்றி வேறில்லை. மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண்ணைத் தருவதில்லை. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, டாஸ்க் மேனேஜர் வழியே பிரவுசரை மூடிவிட்டால் போதும்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகள் தம்மளவில் முறையானவையே. அலுவலகங்களில் அன்றாடம் பயன்படுகின்றன. ஆனால் அவற்றின் வழியே எதிர்முனையில் இருப்பவர் நம் திரையைப் பார்க்கவும் இயக்கவும் இயலும் என்பதால், முன்பின் அறியாதவர் சொல்லி அவற்றை நிறுவுவது, கணக்கின் முன்னால் அவரை உட்கார வைப்பதாகும். இத்தகைய மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டிலேயே வங்கிகளை எச்சரித்தது.

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தைகளில் திறமையும் நாணயமும் உள்ள பழுது நீக்குநர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை ஐயுறுவது நம் நோக்கமன்று. எனினும், தொடங்காத கணினியிலிருந்து எதையும் முன்கூட்டி அழித்துவிட்டுக் கொடுக்க முடியாது என்பதே இங்குள்ள இக்கட்டு. அதற்கும் வழி உண்டு. கடைக்குப் புறப்படும் முன் கைப்பேசியிலிருந்தே மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, பிற சாதனங்கள் அனைத்திலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தலாம். பிரவுசரில் வங்கிக் கடவுச்சொல்லைச் சேமித்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். வணிகர்களும் கணக்காளர்களும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கணினியோடு கொடுத்துவிடுவதை நாம் காண்கிறோம்; கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைக்கு அது நிகர். எந்தப் பாகத்தை மாற்றினாலும் ரசீது பெற வேண்டும். மாற்றியது ஹார்டு டிஸ்க்காகவோ எஸ்.எஸ்.டி.யாகவோ இருந்தால், பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கணினிக்கு ஆகாத வட்டிலிருந்தும் ஆவணங்களை மீட்டெடுக்க இயலும்.

இவ்வளவுக்குப் பின்னும் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்றால், கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, கைப்பேசியிலிருந்து வங்கியின் வாடிக்கையாளர் சேவையையும் 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். இதில் நேரமே முதன்மையானது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும் என்றும், தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்றும் வகுத்தது. தவறு வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் இடையில் வேறெங்கோ நேர்ந்திருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்குப் பொறுப்பேதும் இல்லை. அழைத்து முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டுப் பெற்று, நாளும் நேரமும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளைக்கு வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள்.