எட்டு முனைகளும் ஒரு குரலும்

கடந்த ஆண்டு எமது மீலாத் விழாவில் நாங்கள் கஸீதா பாடினோம். வீடு திரும்பியதும் உம்மா சொன்னார்: "ராகம் நல்லா இருந்திச்சி மகள், ஆனா ஒரு சொல்லும் வெளங்கல்ல." ஒலிபெருக்கியின் சத்தம் மண்டபச் சுவர்களில் மோதித் திரும்பி, அடுத்த சொல்லின் மேல் விழுந்திருந்தது. நபி புகழின் சொற்களே கேட்கவில்லையென்றால் பாடியதன் பயன் என்ன? இக்கேள்வியே என்னைப் பீஜப்பூர் வரை கொண்டு சென்றது, புத்தகங்களின் வழியாக.

தென்னிந்தியாவின் தக்காணத்தில் உள்ள பீஜப்பூரில் கோல் கும்பஸ் எனும் அடக்கத்தலம் இருக்கிறது. 1656இல் மறைந்த சுல்தான் முஹம்மது ஆதில் ஷா அங்கே அடங்கியுள்ளார். கீழே சதுரமான கூடம். மேலே வட்டமான குவிமாடம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. சதுரத்தின் மேல் வட்டம் எப்படி அமரும்?

ஒரு சதுரம் வரையுங்கள். அதே அளவான இன்னொரு சதுரத்தை 45 பாகை திருப்பி, அதன் மேல் வரையுங்கள். எட்டுமுனை நட்சத்திரம் தோன்றும். குர்ஆன் பிரதிகளின் ஓரத்தில் நாம் காணும் அடையாளமும் இதுவே. கோல் கும்பஸில் ஒன்றையொன்று வெட்டும் எட்டு வளைவுகள் இந்த வடிவிலேயே எழுந்து, குவிமாடத்தைத் தாங்குகின்றன.

குவிமாடத்தின் அடியில் உட்புறமாக ஒரு சுற்றுமாடம் ஓடுகிறது. அதன் ஒரு பக்கத்தில் சுவரோடு முகம் வைத்து முணுமுணுத்தால், ஏறத்தாழ 38 மீற்றர் தொலைவிலுள்ள எதிர்ப்பக்கத்தில் அது தெளிவாகக் கேட்கும். வளைந்த சுவர் ஒலியைச் சிதறவிடாமல் தன்னோடு அணைத்துக் கொண்டு செல்வதே காரணம். ஆனால் அங்கே உரக்கக் கைதட்டினால் எதிரொலிகள் மீண்டும் மீண்டும் வரும். ஒரே கட்டடம் மெல்லிய குரலைக் காக்கிறது. உரத்த குரலைக் குழப்புகிறது.

இச்சுல்தானின் தந்தை இரண்டாம் இப்ராஹீம் ஆதில் ஷா இசையறிஞர். ராகங்களின் பெயரில் வகுத்த தக்கினிப் பாடல்களைக் 'கிதாபே நவ்ரஸ்' என்ற நூலாக்கினார். தம் தம்பூராவுக்கு 'மோத்தி கான்' என்று பெயரும் வைத்திருந்தார். தம்பூராவின் தந்தியும் கேத்திரகணிதம்தான். ஸட்ஜமம் ஒலிக்கும் தந்தியைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜமம். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். கோல் கும்பஸ் இசைக்காகக் கட்டப்பட்டதல்ல. என்றாலும் கோடும் சுரமும் ஒலி செல்லும் வழியும் அளவுக்குக் கட்டுப்பட்டவை என்பதை அந்தத் தந்தையும் மகனும் எனக்கு உணர்த்தினர்.

இம்முறை ஒலிபெருக்கியை நிறுத்தினோம். மண்டபத் தரையில் கயிறும் சுண்ணக்கட்டியும் கொண்டு இரு சதுரங்கள் வரைந்து, எட்டு முனைகளில் எட்டுப் பேர் நின்றோம். சபையோர் நடுவில் அமர்ந்தனர். முதல் ஒத்திகையில் எல்லோரும் சேர்ந்து பாடியபோது மீண்டும் குழப்பமே. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்கிறது. நடுப்புள்ளியில் இருப்பவருக்கு மட்டுமே எட்டுக் குரல்களும் ஒன்றாக வந்து சேரும். ஆகவே ஓரடியை ஒருத்தி மெதுவாகப் பாட, அதன் எதிரொலி அடங்கிய பின் எதிர்முனையில் நிற்பவள் அடுத்த அடியை எடுத்தாள். ஸலவாத்தை மட்டும் எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

அன்றிரவு உம்மா பாராட்டு எதுவும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே, நாங்கள் பாடிய இரண்டாவது அடியை முணுமுணுத்துக் கொண்டிருந்தார். ஒரு சொல்லும் பிழைக்கவில்லை.