வோர்ட் கலங்கல்

வோர்ட் கலங்கல் என்பது முழுத்தானிய முறையில் வீட்டில் பியர் தயாரிக்கும்போது, மால்ட்டிலிருந்து வடித்தெடுக்கப்படும் இனிப்புச் சாறு தெளிவின்றி இருக்கும் நிலையாகும். இச்சாறு வோர்ட் எனப்படும். இதைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவைத்தால் பியர் கிடைக்கிறது. கலங்கல் அனைத்தும் குறை அல்ல. ஆனால் மாவுச்சத்தால் வரும் கலங்கலைக் கொதிக்கவைக்கும் முன்பே கண்டறிய வேண்டும். கொதித்தபின் அதைத் திருத்துவது கடினம்.

பின்னணி

பிரித்தானியாவில் வீட்டில் பியர் காய்ச்ச உரிமம் பெறும் கட்டாயம் 1963 ஆம் ஆண்டு நீங்கியது. அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி அளவில் இதற்கு வழிவிட்டது. ஆயத்த மால்ட் பாகைப் பயன்படுத்தாமல், முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியசு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பதே முழுத்தானிய முறை. அப்போது மால்ட்டில் உள்ள அமைலேசு நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன.

காரணங்கள்

* மாவுச்சத்து முழுமையாகச் சர்க்கரையாக மாறாமை. வெப்பநிலை குறைந்தால் மாற்றம் மெதுவாகும். மிகுந்தால் நொதிகள் சிதையும்.
* தானியத்தை மாவாக அரைத்துவிடுதல். உமி முழுதாக இருந்தால்தான் அது வடிகட்டிப் படுகையாகப் பயன்படும்.
* வடிக்கும் குழாயை வேகமாகத் திறத்தல், அல்லது படுகையைக் கிளறிவிடுதல்.
* தானியத்தைக் கழுவும் நீர் 77 பாகைக்கு மேல் சூடாக இருத்தல். இதனால் எஞ்சிய மாவுச்சத்து கரைந்து வரும். உமியின் துவர்ப்பும் இறங்கலாம்.

அயோடின் சோதனை

பள்ளி ஆய்வகத்தில் மாவுச்சத்தை அறியச் செய்யும் சோதனையே இங்கும் பயன்படுகிறது. உமித்துணுக்கு இல்லாத சில துளி வோர்ட்டை வெள்ளைத் தட்டில் இட்டு ஆறவிட வேண்டும். சூடான நீர்மத்தில் நிறம் தோன்றாது. பின்பு ஒரு துளி அயோடின் கரைசலைச் சேர்க்க வேண்டும். கருநீலமானால் மாவுச்சத்து எஞ்சியுள்ளது. அயோடினின் மஞ்சள் பழுப்பு நிறம் மாறாவிட்டால் மாற்றம் முடிந்தது. சோதித்த துளியை மீண்டும் பாத்திரத்தில் ஊற்றக் கூடாது.

திருத்தும் முறை

கருநீலம் தோன்றினால், வெப்பநிலையை அளந்து 66 முதல் 68 பாகைக்குள் கொண்டுவந்து, மேலும் 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். முன்னரே வெப்பம் மிகுந்து நொதிகள் சிதைந்திருந்தால், ஊறலை அதே வெப்பநிலைக்கு ஆற்றியபின், நொறுக்கிய வெளிர் மால்ட்டைச் சிறிதளவு சேர்க்கலாம். அது புதிய நொதிகளைத் தரும்.

நிறம் மாறாதபோதும் சாறு கலங்கலாக இருந்தால், காரணம் மிதக்கும் துணுக்குகளே. முதலில் வடியும் ஓரிரு லிட்டரைக் குவளையில் பிடித்து, படுகை கலையாதவாறு மெதுவாக மேலே ஊற்ற வேண்டும். துணுக்குகள் வருவது நிற்கும்வரை இதைத் தொடர்ந்து செய்தால், படுகையே சாற்றை வடிகட்டிவிடும். பையில் தானியத்தை ஊறவைக்கும் முறையில் இப்படுகை அமைவதில்லை. எனவே அதில் சற்றுக் கலங்கல் இயல்பு.

குறையல்லாத கலங்கல்கள்

கொதிக்கும்போது திரிந்த பால் போன்ற திரள்கள் தோன்றும். இவை உறைந்த புரதங்கள். கொதி நன்றாக நிகழ்கிறது என்பதற்கு அடையாளம். இதைக் கெட்டுப்போனதாகக் கருதிக் கீழே கொட்டிவிட்டால் ஒரு நாள் உழைப்பு வீணாகும். கடைசி 15 நிமிடத்தில் ஐரிசுப் பாசி எனும் கடற்பாசியைச் சேர்த்தாலும், வோர்ட்டை விரைந்து ஆற்றினாலும் திரள்கள் நன்கு அடியில் படியும்.

தெளிந்திருந்த பியர் குளிர்பெட்டியில் மங்கலாகி, வெளியே வைத்ததும் தெளிந்தால், அது புரதமும் பாலிபீனால்களும் இணைவதால் வரும் குளிர்க்கலங்கல். மாவுச்சத்துக் கலங்கலோ சூட்டிலும் மறையாது. மேலும், சாதாரண ஈஸ்ட் உண்ணாத மாவுச்சத்தை வேற்று நுண்ணுயிர்கள் உண்டு பியரைக் கெடுக்கக்கூடும். கோதுமை, ஓட்சு சேர்த்த பியர்களில் மங்கல் விரும்பியே ஏற்கப்படுகிறது.